மிதிக்கக் கூடாத மண்மேடு

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள் என்பது எனக்கே மறந்துபோயிருந்த காலத்தில், எங்கள் மேலாளருக்கு அது ஞாபகம் வந்தது.

நெற்குப்பைக்கு மேற்கே பேருந்தை விட்டு இறங்கி இருபது நிமிடம் நடந்தால் எங்கள் வெள்ளைக்கல் சுரங்கம் வரும். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் போகிற கல். சுற்றுவட்டாரத்தில் யாரும் சுரங்கம் என்று சொல்ல மாட்டார்கள், குவாரி என்பார்கள். பதினோரு வருடமாக அங்கே அலுவலக வேலை பார்க்கிறேன். கடிதம் தட்டச்சு செய்வது, லாரிக்கு அனுமதிச் சீட்டு எழுதுவது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேலாளருக்குச் சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்துவது. இதற்குள் தாவரவியல் எங்கும் வரவில்லை. அலுவலக வாசலில் இருந்த ஒரே குரோட்டன்ஸ் செடியையும் நான்தான் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாகடித்திருந்தேன்.

ஓர் ஆடி மாதக் காலையில் மேலாளர் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதுவரை எந்த வம்பும் வராமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை.

"ஏம்மா, நீங்க பாட்டனிதான படிச்சீக?"

"ஆமா சார். இருபது வருசம் ஆச்சு."

"இருபது வருசத்துல செடி ஒண்ணும் மாறியிருக்காதுல்ல?"

விஷயம் இதுதான். கிழக்குப் பக்கம் புதிதாகத் தோண்டப் போகிறார்கள். தோண்டும் முன் மேலே இருக்கிற ஓர் அடி மண்ணைத் தனியாக வழித்தெடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது. மேற்கே கல் எடுத்து முடிந்த பழைய பள்ளத்தைச் சரளையால் மூடி, அதன் மேல் இந்த மண்ணை விரித்து, மறுபடி நிலமாக்க வேண்டும். இதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டுமாம்.

"பேரு எழுதி அனுப்பியாச்சு" என்றார் மேலாளர்.

"யார் பேரு சார்?"

"பாட்டனி படிச்ச ஆளு வேற யாரும்மா இங்க இருக்கா?"

எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு வயல் உண்டு, அண்ணன் இன்னும் நெல் போடுகிறான். ஆனால் நான் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதைத் தவிர வயலுக்கு எதுவும் செய்ததில்லை. தேவகோட்டையில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் கணவரிடம் அன்று மாலை, இனிமேல் மண்ணுக்கு நான்தான் பொறுப்பு என்றேன். அவர் தேர்வுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மண்ணுக்கு எதுக்குப் பொறுப்பாளு? அது எங்குட்டு ஓடிறப் போவுது?" என்றார்.

மண் ஓடும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேலாளர் கொடுத்த சிறு கையேட்டைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் பிடித்தது. நிலத்தின் மேல் ஓர் அடிதான் உயிருள்ள மண்ணாம். விதை, வேர், மண்புழு, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை எல்லாம் அதற்குள்தான். அதற்குக் கீழே வெறும் சரளை, அதில் புல்கூட முளைக்காது. இந்த மண்ணை ஈரமாக இருக்கும்போது அள்ளக் கூடாது. இரண்டு மீட்டருக்கு மேல் குவிக்கக் கூடாது. உயரமாகக் குவித்தால் அடியில் இருப்பது காற்றில்லாமல் செத்துவிடும். உழவுக்குத் தவிர மேலே வண்டி ஓட்டக் கூடாது, ஆள் நடக்கக் கூடாது, வெறுமனே போட்டு வைக்கவும் கூடாது, பயிர் விதைக்க வேண்டும். என் இரண்டு பிள்ளைகளை வளர்த்தபோதுகூட யாரும் எனக்கு இத்தனை நிபந்தனை போடவில்லை.

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. பொக்லைன் ஓட்டுபவர் எனக்குப் பத்து வயது இளையவர், பக்கத்துக் கிராமம், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. எந்திரத்தின் கையை அவர் தன் கையைப் போலவே ஆட்டுவார். ஒரு முறை அதன் பல்லால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். அவர் மண்ணை வழித்துக் குவித்த அழகைப் பார்க்க நான் இரண்டாம் நாள் மதியம் போனேன். மூன்றாள் உயரத்துக்கு, கோபுரம் மாதிரி கூராக நின்றது மேடு.

"எப்புடி இருக்குக்கா?" என்றார் பெருமையாக.

"தம்பி, இம்புட்டு உயரம் கூடாது. இரண்டு மீட்டர்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இரண்டு மீட்டருன்னா? குட்டிச்சுவரு மாதிரில்ல இருக்கும். எனக்கு ஒரு மானம் மரியாத இல்லையா?"

"அடிமண்ணு மூச்சு முட்டிச் செத்துரும் தம்பி."

அவர் மேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மண் மூச்சு விடும் என்று சொல்கிறவளை என்ன செய்வது என்று யோசித்திருப்பார். பிறகு எந்திரத்தை விட்டு இறங்கி வந்து, "சரி, அளவு காட்டுங்க" என்றார். என்னிடம் அளவுநாடா இல்லை. என் உயரம் ஐந்தடி. கையைத் தூக்கினால் ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். மேட்டின் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு மேட்டைக் கரைத்து நீளமாகப் பரப்பி முடிக்கும் வரை, நான்கு நாள், அரை மணிக்கு ஒரு முறை அலுவலகத்துக்கு ஆள் வந்தது. "அக்கா, வந்து ஒரு தடவ கையத் தூக்கிட்டுப் போவீகளாம்." வெயிலில் நான் மேட்டோரம் கையைத் தூக்கி நிற்பதையும், அவர் எந்திரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதையும் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை கொட்டியது. மறுநாள் காலை வந்து பார்த்தால், மேட்டின் கிழக்கு மூலையிலிருந்து கண்மாய்க்குப் போகிற ஓடை வரை செக்கச்செவேல் என்று ஒரு கோடு. என் மண் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினேன். ஓடிப் பிடித்து என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. ஓடையில் கலந்த இடத்தில்தான் நின்றேன். அன்றைக்கே மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி வரப்புப் போட்டோம். அந்த ஈரத்திலேயே சணப்பு விதைத்தோம். சணப்பு பசுந்தாள் பயிர். பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்கு உரமாகிவிடும். விதைத்த அன்று அறிவிப்புப் பலகை ஒன்றும் வைத்தேன். 'இந்த மண்ணுக்கு உயிர் உண்டு. மிதிக்காதீர்கள்' என்று நானே யோசித்து எழுதிக் கொடுத்த வாசகம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பலகை வைத்த ஒரு வாரத்தில், வேலைக்கு வருகிற பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தியிடம் ஏன் என்று கேட்டேன். "நீங்கதானக்கா உசுரு இருக்குன்னு எழுதிப் போட்டிருக்கீக" என்றாள். மண்புழுவைப் பற்றித்தான் எழுதினேன் என்று விளக்கினேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மழை நன்றாகப் பெய்தது. சணப்பு இடுப்புயரம் வளர்ந்து, கார்த்திகை நடுவில் பூத்தது. முதல்நாள் நாலைந்து பூ. ஒரு வாரத்தில் மேடு முழுக்க மஞ்சள். எங்கள் பக்கம் தரை எல்லாம் தட்டை. கருவேலமும் பொட்டலும்தான். அதன் நடுவே ஒரு நீளமான மேடு உச்சி முதல் அடி வரை மஞ்சள் பூவாக நின்றால், சாலையில் போகிற பேருந்தே மெதுவாகப் போகும். நான் தினமும் காலையில் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். குரோட்டன்ஸைச் சாகடித்தவள் வளர்த்தது இது. பூத்து முடிவதற்குள் மடக்கி உழ வேண்டும் என்று கணக்குப் பார்த்து, மார்கழி பத்தாம் தேதிக்கு டிராக்டர் சொல்லிவைத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தபோது, மேட்டின் நடுவே ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. செடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. உச்சியில் ஒரு கொண்டை ஊசியும் பாதி சாப்பிட்ட சமோசாவும். ஆடு, மாடு சமோசா கொண்டுவராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் விட்டுவிட்டு வந்து காத்திருந்தேன்.

பத்து மணிக்கு ஒரு கார் வந்தது. காரைக்குடியிலிருந்து ஒரு புகைப்படக்காரர், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, மாற்றுத் துணி மூன்று பெட்டி. பலகையைப் படித்துவிட்டு எல்லாரும் பயபக்தியாகச் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு மேலே ஏறினார்கள்.

"இறங்குங்க! பலகைல என்ன எழுதியிருக்கு?" என்று கத்தினேன்.

"அதனாலதான் வெறுங்கால்ல ஏறுறோம் மேடம்" என்றார் புகைப்படக்காரர்.

அவர் கெட்டவரில்லை. இறங்கி வந்து தன் கஷ்டத்தைச் சொன்னார். காரைக்குடியைச் சுற்றி எத்தனை பெரிய வீடு இருந்தாலும் எல்லாவற்றிலும் தூண்தானாம். "எந்த ஜோடியக் கூட்டிட்டு வந்தாலும் ஒரு தூணுக்கு இங்குட்டு பொண்ணு, அங்குட்டு மாப்பிள்ள. ஆல்பத்தப் பாத்தா யாரு கல்யாணம்னே தெரிய மாட்டேங்குது மேடம். இங்க வந்தப்பதான் எனக்கே உசுரு வந்துச்சு."

"நீங்க நடந்தா மண்ணு இறுகிப்போகும். உள்ள காத்துப் போகாது. மூச்சு முட்டும்."

"அப்ப ஒல்லியான ஜோடியாப் பாத்துக் கூட்டிட்டு வரட்டுமா?"

வெளியே அனுப்பினேன். போகும்போது என் பலகைக்கு இரண்டு பக்கமும் ஜோடியை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். 'இந்த மண்ணுக்கு உயிர் உண்டு' என்பதைக் கல்யாணப் பெண் விரலால் சுட்டிக்காட்ட, மாப்பிள்ளை தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் எழுதிய வாசகத்துக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் கைபேசி. முகம் மலர்ந்திருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம்.

"ஏம்மா, என் மக ஒரு போட்டோ அனுப்பியிருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த மாதிரி இடத்துல படம் எடுக்கணுமாம். ஒரே பிடிவாதம். இது எங்குட்டு இருக்கு? மூணாறுப் பக்கமா?"

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் மேடு, நீல வானம், நடுவில் யாரோ ஒரு ஜோடி. 'செட்டிநாட்டு மஞ்சள் மலை' என்று கீழே எழுதியிருந்தது. மூலையில், மங்கலாக, எங்கள் பொக்லைன்.

"சார், அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார். பொக்லைனையும் ஒத்துப் பார்த்தார். அந்த அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதர், வெயில் வருகிறது என்று அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை.

"நம்மளுதா?" என்றார் மெதுவாக.

"நம்மளுதுதான் சார். பத்தாந்தேதி மடக்கி உழுகிறோம்."

"அவளுக்கு இருபத்தி மூணாந்தேதிதான லீவு கிடைக்குது!"

அவர் சொன்னது மார்கழித் தேதி இல்லை, டிசம்பர். எப்படிப் பார்த்தாலும் நான் சொன்ன நாளைவிட ஓரிரு நாள் முன்போ பின்போதான் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கும் விடுப்புக் கிடைக்க வேண்டும், அவருடைய அம்மா நல்ல நாள் பார்க்க வேண்டும். எல்லாம் கூடி வந்தபோது பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. அதற்குள் தண்டு முத்திவிடும், நார் ஏறிவிடும் என்று நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். "ஒரே மகம்மா" என்று மட்டும் சொன்னார். டிராக்டர்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன்.

ஆனால் மண்ணில் கால் படக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். கிடங்கில் கல் ஏற்றுகிற கன்வேயரின் பழைய ரப்பர் பெல்ட் சுருட்டிக் கிடந்தது. அகலமானது, கனமானது. பொக்லைன் தம்பி அதை மேட்டின் ஓரத்திலிருந்து உச்சி வரை பாய் மாதிரி விரித்துக் கொடுத்தார். அதில் நடந்தால் எடை பரவிவிடும். "மாப்பிள்ளைக்குச் சிவப்புக் கம்பளத்துக்குப் பதிலாக் கறுப்புக் கம்பளம்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

குறித்த நாளில் எல்லாரும் வந்தார்கள். அதே புகைப்படக்காரர். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். மகள் பாவாடை தாவணி, மாப்பிள்ளை சந்தன நிறப் பட்டுச் சட்டை. மேலாளர் வெயிலைத் திருப்பி அடிக்கிற வட்டமான வெள்ளித் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதவியாளர் வரவில்லையாம். நான் பெல்ட்டின் ஓரத்தில் நின்று, யார் கால் மண்ணில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கவனிக்காத ஒன்று நடந்திருந்தது. அந்தப் பத்து நாளில் சணப்பில் கம்பளிப்பூச்சி இறங்கியிருந்தது. காய் பிடிக்கிற நேரத்தில் அது வரும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரியை நான் படிக்கவும் செய்திருந்தேன். மாப்பிள்ளை பூவுக்கு நடுவில் முகத்தை வைத்துச் சிரிக்க வேண்டும் என்றார் புகைப்படக்காரர். அவரும் குனிந்து, கண்ணை மூடிச் சிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கழுத்துக்குப் பின்னால் கையை விட்டார். அடுத்த நொடி சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. "உள்ள போயிருச்சு! உள்ள போயிருச்சு!" என்று அவர் பெல்ட்டின் மேல் குதிக்கிற குதியில் மண்ணுக்கு என்ன ஆகுமோ என்று நான் பதறினேன். மகள் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புகைப்படக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது.

மறுநிலமாக்கும் வேலையைப் பார்வையிட வருகிற ஆய்வு அதிகாரி. சொல்லாமல் வந்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. யார் என்று பார்க்க மேலாளர் திரும்பினார். அவரோடு தகடும் திரும்பியது. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரியின் கண்ணில் மொத்த வெயிலும் அடித்தது. அவர் கையால் முகத்தை மறைத்தார்.

"அங்க மேல நிக்கிறது யாரு?"

"மேலாளர் மேடம்" என்றேன்.

"கையில என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பொக்லைன் தம்பி முந்திக்கொண்டார். "மண்ணுக்கு வெயில் காட்டுறாக மேடம்."

அதிகாரி முகத்திலிருந்து கையை எடுத்தார். மேட்டைச் சுற்றி நடந்தார். உயரத்தை நாடாவால் அளந்தார்; சரியாக இருந்தது. தம்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினார். வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கியது. ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்தது. எனக்குக் கண் கலங்கியது; சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் கலங்கியது. பிறகு பழைய ஒற்றையடிப் பாதையில் கம்பியை வைத்தார். நாலு விரலுக்கு மேல் இறங்கவில்லை.

"இங்க யாரு நடந்தது?"

புகைப்படக்காரர் தன் காமிராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இனிமே நடக்கக் கூடாதுன்னுதான் மேடம் பெல்ட் விரிச்சிருக்கோம்" என்றேன்.

பெல்ட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். "இது நல்ல யோசனை" என்றார். அடுத்து ஒரு சணப்புத் தண்டை ஒடித்தார். அது ஒடியவில்லை, நாராகக் கிழிந்து தொங்கியது. "முத்திப்போச்சே. பத்து நாள் முன்னாடியே மடக்கி உழுதிருக்கணும். ஏன் விட்டீங்க?"

மேலாளர் தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அது அவரைவிட அகலம். நெற்றியெல்லாம் வேர்வை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற ஒரு மனிதரின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

"மழைக்காகக் காத்திருந்தோம் மேடம்" என்றேன்.

அதிகாரி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. பிறகு பனியனோடு முதுகைச் சொறிந்துகொண்டு நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தார், தாவணியில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை அடக்கும் பெண்ணைப் பார்த்தார்.

"மழை வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"மாப்பிள்ளை வந்துட்டார் போல."

மூன்று நாளுக்குள் உழ வேண்டும், சுற்றிலும் வேலி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "தேங்காயெண்ணெய் தடவி விடும்மா, அரிப்பு நிக்கும்" என்றார்.

மறுநாள் டிராக்டர் வந்தது. அதன் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பத்தடி போனதும் நின்றது. முற்றிய சணப்பு நார் கத்திகளைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொண்டது. அரிவாளால் அறுத்துவிட்டால் அடுத்த பத்தடி. இரண்டு நாள் இதே வேலை. இரண்டாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டையோடு மேலாளர் வந்தார். ஓர் அரிவாளை வாங்கிக்கொண்டு, கத்திக்கடியில் குந்தி உட்கார்ந்து நார் அறுத்தார். மதியம் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன தேதி சரிதாம்மா" என்றார்.  மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போடவில்லை.

வைகாசியில் பழைய பள்ளத்தைச் சரளையால் நிரப்பி முடித்து, மேல்மண்ணை விரிக்க ஆரம்பித்தோம். பொக்லைன் தம்பி பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து விரித்தார், விரித்த இடத்தில் சக்கரம் ஏறாமல். நான் அடையாளம் போட்ட குச்சியை வைத்துக் கனம் பார்த்துக்கொண்டே போனேன். தென்மூலை வந்தபோது மண் தீர்ந்துவிட்டது. ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் வெறும் சரளையாக நின்றது.

"குவிச்சப்போ மலையா இருந்துச்சு, விரிச்சா பாயாப் போச்சேக்கா" என்றார் அவர்.

மழையில் ஓடியது கொஞ்சம். காற்றில் போனது கொஞ்சம். இங்கே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேடு போட்ட புதிதில், இவ்வளவு நல்ல மண்ணாயிற்றே என்று என் வீட்டு மாடித் தொட்டிகளுக்கு நான் இரண்டு மூட்டை கொண்டுபோயிருந்தேன். அதில் கத்திரி நன்றாகக் காய்த்தது. என் கணவர் தினமும் புகழ்ந்து சாப்பிட்டார். ஊரார் மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்தவள் செய்த வேலை இது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் தொட்டிகளைக் கவிழ்த்து, இரண்டு மூட்டையாகக் கட்டி, பேருந்தில் ஏற்றினேன். நடத்துனர் ஒரு மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மண்ணு."

"குவாரிக்கா போறீக?"

"ஆமா."

"அங்குட்டு மண்ணே இல்லையாக்கும்!" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தென்மூலையில் இரண்டு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டினேன். கொட்டியது எங்கே என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது ஒன்றுமில்லாமல் போனது. தம்பி எந்திரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. அன்று மாலை வேறு பக்கத்திலிருந்து நாலு அள்ளு சுரண்டிக் கொண்டுவந்து அந்த மூலையில் போட்டுவிட்டுப் போனார். ஆனி ஆடியில் தூறல் விழுந்தபோது மற்ற இடமெல்லாம் புல்லும் தும்பையும் நெருக்கமாக வந்தன. தென்மூலையில் மட்டும் நோஞ்சானாக அங்கொன்றும் இங்கொன்றும் முளைத்தது, நடுவில் ஒரு கத்திரிச் செடி. மேலாளர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, காட்டுச் செடியா என்று கேட்டார். பாட்டனி படித்தவள் என்ற முறையில், பறவை போட்ட விதையாக இருக்கலாம் என்று சொன்னேன்.

போன வாரம் வடக்கே அடுத்த துண்டுக்கு மண் வழிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் லேசான மழை. தம்பி எந்திரத்தை முடுக்கிக்கொண்டு, "காஞ்சிருச்சுக்கா, ஆரம்பிக்கவா?" என்றார். குனிந்து ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தேன். உடையாமல் உருண்டையாக நின்றது.

"இன்னும் இரண்டு நாள் போகட்டும் தம்பி."

"இரண்டு நாளும் நான் சும்மா உக்காரணுமா?"

"வேலி போடுங்க. போன தடவ முன்னாடியே போட மறந்துட்டோம்."

அவர் முனகிக்கொண்டே எந்திரத்தை அணைத்தார். நான் வேலிக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கக் கிடங்குக்குப் போனேன்.